ஊர்க்காரர்கள் போகும் வழியில் புடாபெஸ்ட்

சுற்றுலா நிறுவனங்களின் ஐரோப்பியப் பயணத்திட்டங்களில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டுக்குப் பெரும்பாலும் ஒரு பகலும் ஓர் இரவும்தான் ஒதுக்குகிறார்கள். வியன்னாவில் காலை டிபனை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். மாவீரர் சதுக்கத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வது, கோட்டைக் குன்றில் ஒரு சுற்று, இருட்டியதும் டான்யூப் நதியில் படகு, மறுநாள் காலை அடுத்த நாடு. இப்படிப் போய்வரும் கணவனும் மனைவியும் அழகான ஊரைப் பார்த்தோம் என்றுதான் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. ஆனால், ஏறக்குறைய 17 லட்சம் பேர் வாழும் அந்த ஊர் ஏன் இவ்வளவு கலகலப்பாக இருக்கிறது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. பாலம், சுரங்க ரயில், வெந்நீர்க் குளம், சந்தை, பூங்கா என்று அந்த நகரம் தன் குடிமக்களின் அன்றாடத் தேவைக்காகக் கட்டிக்கொண்ட பொதுச் சொத்தில்தான் அந்தப் பதில் இருக்கிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டியவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன என்பதே புடாபெஸ்ட்டின் தனிச்சிறப்பு. ஆகவே, அங்கே போகிறவர்கள் நினைவுச்சின்னங்களின் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, ஊர்க்காரர்கள் நாள்தோறும் பயன்படுத்துவதைத் தாங்களும் பயன்படுத்திப் பார்ப்பதே மேல் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

தம்பதியரை மனத்தில் வைத்து இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாற்பது பேர் கொண்ட குழு ஒரே டிராமில் ஏற முடியாது. ஏறினால் ஊர்க்காரர்களுக்கு இடம் இருக்காது. வெந்நீர்க் குளத்துக்கு அத்தனை பேரைக் கூட்டிப்போய்க் குறித்த நேரத்தில் வெளியே கொண்டுவருவது எந்த வழிகாட்டியாலும் ஆகாத காரியம். அதனால்தான் குழுப் பயணம் நின்று பார்க்கிற இடங்களையே தேடிப் போகிறது. இருவர் என்றால் அந்தத் தடையெல்லாம் கிடையாது. நடுவழியில் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், பிடித்த நிறுத்தத்தில் இறங்கலாம், ஒருவர் சாமான்களைப் பார்த்துக்கொள்ள மற்றவர் வரிசையில் நிற்கலாம். இருவரின் ரசனையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருக்குக் கட்டடக்கலையில் ஆர்வம், இன்னொருவருக்குக் கடைத்தெருவில் ஆர்வம் என்றால், அருங்காட்சியகத்தில் யாராவது ஒருவர் பொறுத்துப்போக வேண்டியிருக்கும். சந்தையிலும் பூங்காவிலும் அந்தச் சங்கடம் வராது.

முதலில் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1873-க்கு முன் புடாபெஸ்ட் என்று ஒரே நகரம் கிடையாது. ஆற்றுக்கு மேற்கே குன்றுகள் சூழ்ந்த புடாவும் ஓபுடாவும், கிழக்கே சமவெளியில் பெஸ்ட்டும் தனித்தனி ஊர்கள். அவை ஒன்றாக வழிபோட்டுக் கொடுத்தது 1849-ல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம். அதுவரை படகுகளை வரிசையாகப் பிணைத்த மிதவைப் பாலம்தான் இருந்தது. குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் மிதந்து வரும்போது அதையும் அவிழ்த்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தையின் இறுதிச் சடங்குக்குக் கிளம்பிய இஸ்த்வான் செச்செனி பிரபு, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நாள்கணக்கில் கரையிலேயே காத்துக்கிடந்தார் என்றும், நிரந்தரப் பாலம் வேண்டும் என்று அவர் முனைந்தது அதன் பிறகே என்றும் சொல்வார்கள். பாலத்தின் இரு முனைகளிலும் கல் சிங்கங்கள் உண்டு. அவற்றுக்குச் சிற்பி நாக்கு வைக்க மறந்துவிட்டார் என்ற கட்டுக்கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். அதைவிடச் சுவையான வரலாறு சுங்கத்தில் இருக்கிறது. அந்நாளில் ஹங்கேரியப் பிரபுக்கள் வரியோ சுங்கமோ கட்டுவதில்லை. இந்தப் பாலத்தில் மட்டும் பிரபுவும் குடியானவனும் ஒரேபோலச் சுங்கம் கட்டியாக வேண்டும் என்று 1836-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நாட்டின் பழைய சலுகை முறை முதலில் விரிசல் கண்ட இடங்களில் ஒன்று இந்தப் பாலம். 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. நகரத்து டான்யூப் பாலங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் போரில் அதே கதிதான். சரியாக நூற்றாண்டு நிறைவில், 1949-ல், மீண்டும் திறந்தார்கள். 2023-ல் புதுப்பிப்புப் பணி முடிந்தபின் சொந்தக் கார்களுக்கு இதில் அனுமதியில்லை. பஸ், டாக்சி, சைக்கிள், பாதசாரிகள் போகலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டு இருவரும் ஒரு மாலையில் இதை நடந்தே கடந்தால், படகிலிருந்து எடுக்கும் படத்தைவிட அது நெஞ்சில் நிற்கும்.

பாலம் வந்து அரை நூற்றாண்டு கழித்து நகரம் மண்ணுக்கடியில் இறங்கியது. மகியார் இனத்தார் இந்த நிலத்தில் குடியேறிய ஆயிரமாவது ஆண்டை 1896-ல் கொண்டாடியபோது, அந்திராஷி நெடுஞ்சாலை வழியாக நகரப் பூங்காவின் கண்காட்சிக்குப் பெருங்கூட்டம் போக வேண்டியிருந்தது. மாளிகைகள் வரிசைகட்டிய அந்தச் சாலையின் அழகைத் தண்டவாளம் கெடுத்துவிடும் என்று டிராமுக்கு இடம் தரவில்லை. ஆகவே சாலையைத் தோண்டி, அதன் அடியில் சுமார் 3.7 கிலோமீட்டருக்கு மின்சார ரயில் விட்டார்கள். 1896 மே 2-ல் ஓடத் தொடங்கிய அதுவே ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் சுரங்க ரயில். லண்டன் 1863-லேயே முந்திக்கொண்டது உண்மை. ஆனால் அங்கே முதலில் ஓடியவை புகைகக்கும் நீராவி எஞ்சின்கள். இன்று இந்தத் தடத்தில் சின்னச் சின்ன மஞ்சள் பெட்டிகள் ஓடுகின்றன. தெருவிலிருந்து கொஞ்சம் படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடும். ஓடு பதித்த சுவர், இரும்புத் தூண்கள், கை தூக்கினால் தொட்டுவிடலாம் போன்ற தாழ்ந்த கூரையுடைய பெட்டிகள். அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். 2002-ல் யுனெஸ்கோ இந்தச் சாலையையும் ரயிலையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாரம்பரியச் சின்னத்துக்குள் போகச் சாதாரண ரயில் டிக்கெட்டே போதும் என்ற வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

தரைக்கு மேலே டிராம்கள் அதே வேலையைச் செய்கின்றன. பெஸ்ட் கரையோரமாக ஓடும் 2-ஆம் எண் டிராமின் ஜன்னலில் நாடாளுமன்றம், சங்கிலிப் பாலம், எதிர்க்கரைக் கோட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். பெரிய வட்டச்சாலையில் 4, 6 ஆகிய எண்களில் ஓடும் நீண்ட டிராம்கள் உலகிலேயே கூட்டம் மிகுந்த தடங்களில் சேர்ந்தவை. பொதுப் பயன்பாட்டிலிருந்து விலகும்போது என்ன ஆகிறது என்பதற்கும் இந்நகரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கோட்டைக் குன்றுக்கு ஏறும் கயிற்று ரயில் 1870-ல் வந்தது. மேலே வேலைக்குப் போகிற அலுவலர்கள் மலிவாக ஏறி இறங்கத்தான் அதைப் போட்டார்கள். போரில் அழிந்து 1986-ல் திரும்பி வந்தபோது அது சுற்றுலா வண்டியாகிவிட்டது. நகரப் பயண அட்டை அதில் செல்லாது. கட்டணமும் அதிகம், வரிசையும் நீளம். கீழேயிருந்து 16-ஆம் எண் பஸ் அதே குன்றுக்குச் சாதாரண டிக்கெட்டில் ஏறுகிறது. ஊர்க்காரர்கள் போவது அதில்தான்.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று வெந்நீர்க் குளங்கள். புடா மலைகளும் பெஸ்ட் சமவெளியும் சந்திக்கும் நிலப்பிளவு வழியாக, நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகளில் வெந்நீர் மேலே வருகிறது. ரோமானியர் இங்கே அக்வின்கும் என்ற ஊரை அமைத்துக் குளிப்பறைகள் கட்டினார்கள். 1541 முதல் 1686 வரை புடாவை ஆண்ட உஸ்மானியத் துருக்கியர் கட்டிய ருடாஷ் குளியலகம் இன்றும் செயல்படுகிறது. அதன் கல் குவிமாடத்தில் சின்னச் சின்ன ஒளித்துளைகள்; அவற்றின் வழியே வரும் வெளிச்சம் எண்கோணக் குளத்தின் நீரில் விழும். பெஸ்ட் பக்கத்தில் வெந்நீர் எளிதாகக் கிடைக்கவில்லை. வில்மோஷ் ஜிக்மோந்தி என்ற பொறியாளர் 1868 முதல் பத்தாண்டு துளையிட்டு, 970 மீட்டர் ஆழத்திலிருந்து 74 டிகிரி வெப்பமுள்ள நீரைக் கொண்டுவந்தார். அந்த நீரைக் கொண்டுதான் 1913-ல் நகரப் பூங்காவுக்குள் செச்செனி குளியலகம் எழுந்தது. திறந்தவெளியில் மூன்றும் உள்ளே பதினைந்துமாக 18 குளங்கள். உறைபனிக் காலையில் மஞ்சள் மாளிகைக்கு நடுவே ஆவி எழும்பிக்கொண்டிருக்க, கழுத்தளவு நீரில் நின்றபடி வயதானவர்கள் கல் திட்டில் சதுரங்கப் பலகையை வைத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். லூகாச் குளியலகத்தின் முற்றத்துச் சுவரிலோ, மூட்டுவலி நீங்கிப் போனவர்கள் நன்றி சொல்லிப் பதித்த சலவைக்கற்கள் பல மொழிகளில் இருக்கின்றன. இங்கே மருத்துவர் எழுதிக்கொடுத்தால் வெந்நீர்ச் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடு உதவுகிறது. ஊர்க்காரர்களுக்குக் குளியல் என்பது ஆடம்பரமன்று. உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வழி, நண்பர்களைச் சந்திக்கும் இடம். பேச்சும் சிரிப்புமாக நகரத்தின் கலகலப்பை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம்.

சந்தைக்கு வருவோம். மக்கள்தொகை பெருகிய நகரத்துக்குச் சுத்தமான உணவு கிடைக்க வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூடிய சந்தைக் கூடங்களைக் கட்டினார்கள். அவற்றில் பெரியது, சமு பெட்ஸ் வடிவமைப்பில் 1897-ல் திறந்த மத்தியச் சந்தை. கூரையில் சோல்னாய் ஆலையின் வண்ண ஓடுகள், உள்ளே ரயில் நிலையம்போல உயர்ந்த இரும்புச் சட்டங்கள். மாடியில் பூவேலைத் துணியும் நினைவுப்பொருளும் சாப்பாட்டுக் கடைகளுமாகப் பயணிகள் கூட்டம் மொய்க்கும். தரைத்தளத்திலும் அடித்தளத்திலும்தான் ஊர் இருக்கிறது: காய்கறி, இறைச்சி, மீன், ஊறுகாய் ஜாடிகள், மாலையாகக் கோத்துத் தொங்கவிட்ட சிவப்பு மிளகாய். அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்து தமிழ்நாட்டுச் சமையலைப் பிடித்துக்கொண்ட அதே மிளகாய்தான் ஹங்கேரியின் அடுக்களையையும் பிடித்தது. ஆனால் அங்கே காரத்தைவிட நிறத்துக்கும் மணத்துக்கும்தான் மதிப்பு. காரமில்லாத தூளும் காரமான தூளும் தனித்தனி டப்பாக்களில் விற்பார்கள். நம் பூரியைவிடத் தடிமனாக, புளித்த மாவில் பொரித்துப் பூண்டும் புளிப்பு கிரீமும் துருவிய சீஸும் போட்டுத் தரும் லாங்கோஷ், நின்றபடியே சாப்பிட ஏற்றது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு: ஷெங்கன் விசா வாங்கி, இவ்வளவு பணம் போட்டுப் போய், நாடாளுமன்றத்தை விட்டுவிட்டு டிராமில் சுற்றுவதா? விட்டுவிடச் சொல்லவில்லை. இம்ரே ஸ்டைண்டில் வடிவமைத்து 1885 முதல் 1904 வரை கட்டிய அந்த மாளிகை 268 மீட்டர் நீளம். அதன் குவிமாட உயரமும் புனித ஸ்தேவான் பேராலயத்தின் உயரமும் ஒரே 96 மீட்டர்; மகியார்கள் குடியேறியதாகக் கொள்ளும் 896-ஆம் ஆண்டை நினைவூட்டும் எண் அது. உள்ளே அரசர்களின் பழைய மணிமுடி இருக்கிறது. அவைக்கு வெளியே தாழ்வாரத்தில் எண் பொறித்த பித்தளைச் சுருட்டுத் தாங்கிகளும் உண்டு. உறுப்பினர்கள் எரியும் சுருட்டைத் தத்தம் எண்ணில் வைத்துவிட்டு உள்ளே போவார்களாம். இதைக் காண முன்பதிவு செய்துகொண்டு போவது தகும். ஆனால் அந்தக் கட்டடத்தின் முழு அழகும் எதிர்க்கரையிலிருந்துதான் தெரியும். அங்கே போகச் சுரங்க ரயிலில் பொத்யானி சதுக்கத்தில் இறங்கினால் போதும். 1902-ல் கட்டிமுடித்த மீனவர் கொத்தளமும் போருக்கான அரணாக எழுந்ததன்று; ஊரைப் பார்த்து மகிழக் கட்டிய மேடை. சின்னங்கள் வேண்டாம் என்பதில்லை. ஒன்றிரண்டைத் தேர்ந்து நிதானமாகப் பார்த்தால் மீதி நேரம் ஊருக்குக் கிடைக்கும்.

இரண்டாவது மறுப்பு நம்மவர்களுடையது: மொழி தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பொதுக் குளத்தில் குளிக்கக் கூச்சம். மொழி பெரிய சிக்கலாகாது. வண்டிகளில் எண்களும் நிறுத்தப் பெயர்களும் தெளிவாக இருக்கின்றன. கூச்சத்துக்கும் வழி உண்டு. எல்லோரும் நீச்சலுடையில்தான் இருப்பார்கள். கைகால் மூடிய நீச்சலுடையை ஊரிலேயே வாங்கிப் போகலாம். நீந்தும் குளத்தில் இறங்கத் தலைக்குத் தொப்பி கட்டாயம். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் வெந்நீரில் இறங்குவது பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது அவசியம். சாப்பாட்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய பாணி ஹங்கேரியச் சமையலில் பன்றிக் கொழுப்பு புழங்கும்; சைவர்களும் முஸ்லிம்களும் கேட்டு வாங்க வேண்டும். காய்களைக் கெட்டியாக வேகவைத்துத் தரும் ஃபோசெலேக், புளிப்புச் செர்ரியில் செய்த குளிர்ந்த சூப், பாலாடைக்கட்டி வைத்த மெல்லிய அப்பம் என்று இறைச்சி கலக்காத பண்டங்கள் இருக்கின்றன. இவை சிரமங்கள்தான், ஆனால் தடைகள் ஆகமாட்டா.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. ஊர்க்காரர்களின் இடங்களில் பயணிகள் போய் நிறைந்தால், ஊர்க்காரர்கள் எங்கே போவது? இது வெறும் கற்பனையன்று. ஏழாம் வட்டத்தில் பாழடைந்த பழைய வீடுகளின் முற்றங்களில் திறந்த மதுக்கூடங்கள் உலகப் புகழ் பெற்றபின், மேல்மாடிகளில் குடியிருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. நள்ளிரவுக்குமேல் கடைகளை மூட வேண்டுமா என்று 2018-ல் நடந்த வாக்கெடுப்பு, போதுமானவர்கள் வராததால் செல்லாமல் போனது. பக்கத்து ஆறாம் வட்டத்தில் 2024-ல் நடந்த வாக்கெடுப்பில், குடியிருப்புகளைப் பயணிகளுக்குக் குறுகிய கால வாடகைக்கு விடுவதைத் தடுக்கச் சிறிய பெரும்பான்மை வாக்களித்தது. 2026 ஜனவரி 1 முதல் தடை என்று முடிவாயிற்று. இந்தச் சான்றைக் கவனமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். மக்களின் கோபம் பயணி எங்கே தூங்குகிறார், இரவில் எவ்வளவு சத்தம் போடுகிறார் என்பவற்றின் மேல்தான். டிராமில் ஏறியதற்காக யாரும் வாக்கெடுப்பு கேட்கவில்லை. டிராமும் பெரிய குளியலகங்களும் நகரசபைக்குச் சொந்தமான நிறுவனங்களிடம் இருப்பதால், அங்கே கொடுக்கும் பணம் அந்தப் பொதுச் சொத்தைப் பராமரிக்கவே உதவுகிறது. நெரிசல் கூடும் என்பது மறுக்க முடியாத உண்மை. அதற்கு மாற்று, அலுவலக நேரத்தில் டிராமைத் தவிர்ப்பது, சனி ஞாயிறில் குளத்துக்குப் போகாமல் இருப்பது, முறையான ஓட்டலில் தங்குவது. விருந்தாளியின் கடமை அவ்வளவுதான்.

நான்காவதாக ஒரு கேள்வி எழலாம்: அன்றாட வாழ்வை மட்டும் பார்த்தால் அந்நகரின் துயரம் கண்ணில் படாதே? உண்மையில் புடாபெஸ்ட்டில் துயரமும் தெருவிலேயே இருக்கிறது. அதே மதுக்கூடப் பகுதிதான் 1944-45 குளிர்காலத்தில் சுமார் 70,000 யூதர்களை மதிலுக்குள் அடைத்த இடம். 1859-ல் கட்டிமுடித்த தோகாணி தெரு யூதத் தொழுகைக்கூடத்தின் முற்றத்தில், அங்கே மடிந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 2-ஆம் எண் டிராம் ஓடும் அதே கரையில், நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, இரும்பில் வார்த்த 60 ஜோடிச் செருப்புகள் ஆற்றைப் பார்த்தபடி கிடக்கின்றன. ஆணுடையது, பெண்ணுடையது, குழந்தையுடையது. ஹங்கேரிய பாசிஸ்டுகளான அம்புச்சிலுவைப் படையினர், யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். திரைப்பட இயக்குநர் ஜான் தோகாயும் சிற்பி கியூலா பாவரும் 2005-ல் அமைத்த நினைவிடம் இது. சுற்றுச்சுவரோ நுழைவுச்சீட்டோ கிடையாது. அங்கே செருப்புக்குள் கால் நுழைத்துப் படம் எடுப்பதும் இளித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பதும் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே, புடாபெஸ்ட்டுக்கு ஒரு நாள் ஒதுக்குவது ஊரை ஏமாற்றுவதன்று, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. முழுதாக மூன்று நாள் கொடுங்கள். அங்கே யூரோ நாணயம் இல்லை, ஃபோரிண்ட்தான். இறங்கியதும் இருவருக்கும் 72 மணி நேரப் பயண அட்டை வாங்கிவிடுங்கள். தனி டிக்கெட் வாங்கினால், ஏறும்போது இயந்திரத்தில் முத்திரை குத்த மறந்துவிடாதீர்கள். பரிசோதகர்களிடம் அயலூர்க்காரர் என்ற சாக்கு எடுபடாது. காலையில் சந்தை, பகலில் குளம், மாலையில் டிராமும் பாலமும் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு சின்னத்துக்குமேல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இப்படிப் பார்த்து வருகிறவர்கள் திரும்பிய பிறகு தங்கள் ஊரின் சந்தை, பஸ், பூங்கா, குளத்தின் நிலையைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்க வைப்பதே ஒரு நல்ல சுற்றுலாவின் பயன்.